நெற்குறியும் பைத்தானும்: விண்டோஸில் ஓர் எடிட்டரைக் கட்டுதல்

2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழுக்கென்று இன்னொரு தொகுதி சேர்ந்தது. தமிழ்த் துணைத் தொகுதி என்று அதைச் சொல்லலாம். அதில் 51 குறிகள் இருக்கின்றன. நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, மூவுழக்கு, குறுணி, பதக்கு, முக்குறுணி என்று அளவைகள். காசு, பணம், பொன், வராகன் என்று நாணயங்கள். குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம் என்று நிலம். வரவு, போக, ஆக, வசம், முதல், வகையறா என்று கணக்கெழுதும் சொற்கள். இவற்றுக்கு முன்னால் முந்திரி தொடங்கி முக்கால் வரை பின்னங்கள். தஞ்சாவூர் ஜில்லாவின் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் மடியிலிருந்த கட்டை அப்படியே அவிழ்த்து வைத்ததுபோல் இருக்கிறது அந்தப் பட்டியல்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், மணியம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. இந்தக் குறிகளைக் கையால் எழுதிப் பழகியவர்களின் கடைசித் தலைமுறை அதோடு வேலையிலிருந்து இறங்கியது. மெட்ரிக் அளவைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆனாலும் பேச்சில் அவை முற்றாக விடைபெறவில்லை. திருவையாற்றிலோ பாபநாசத்திலோ நிலம் விசாரித்தால் ‘எத்தனை மா’ என்றுதான் பேச்சு வரும். மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. குறி போய்விட்டது, அளவு நிற்கிறது. இந்நிலையில் குறிகளுக்குக் கணினியில் இடம் கிடைத்ததால் யாருக்கு லாபம் என்று கேட்டால், பழைய கணக்குகளைப் படியெடுப்பவர்களுக்கு என்பதே பதில்.

படியெடுக்கக் கிடப்பவை ஏராளம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளக்கப்படுகிறது. விளக்குக்கு, அமுதுக்கு, பணிமக்களுக்கு என்று கலம், தூணி, குறுணி, நாழி வரை பிரித்து எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் தொடங்கிவைத்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக அவற்றை அச்சில் தந்தது. பிறகு ஓலைச்சுவடிகள். திண்ணைப் பள்ளியின் எண்சுவடிகளும் காரிநாயனாரின் ‘கணக்கதிகார’மும் இந்தப் பின்னங்களின் இலக்கணம். இந்தக் கணக்குக் கல்வி எப்படி நடந்தது என்பதைப் பற்றி தி. செந்தில் பாபு 2022இல் ஆங்கிலத்தில் ஒரு விரிவான நூல் எழுதியிருக்கிறார். தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு வெளியேயும், வீட்டுப் பரண்களில், எண்ணப்படாத கட்டுகள் இருக்கத்தான் செய்கின்றன.

இவற்றைத் தட்டச்சு செய்து கோப்பாக்கும்போது ஒரு சாதாரண எடிட்டர் போதாமல் போகிறது. வேர்டு பக்கத்தை அழகுபடுத்தும். ‘இந்தக் கோப்பில் நெல்லென்று வரும் வரிகளையெல்லாம் பொறுக்கி, கலத்தையும் குறுணியையும் நாழியாக்கிக் கூட்டு’ என்றால் திகைக்கும். தேவைப்படுவது தனக்குள்ளேயே ஒரு நிரல்மொழியை வைத்துக்கொண்டு, திறந்திருக்கும் உரையின்மீது அதை ஓட்டக்கூடிய எடிட்டர். அப்படிப்பட்ட பழைய எடிட்டர்களுள் விம் ஒன்று. பிராம் மூலெனார் என்ற டச்சுக்காரர் 1991இல் அமிகா கணினிக்காக அதை வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் அவர் இறக்கும்வரை அதைப் பேணினார். இலவசமாகத் தந்துவிட்டு, விருப்பமிருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று தொடக்கத் திரையில் ஒரு வரி போட்டார். அந்த வரி இன்றும் இருக்கிறது.

லினக்ஸில் இதையெல்லாம் ஒரு கட்டளையில் நிறுவிவிடலாமே என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கும்பகோணத்து டிடிபி கடையிலும் கல்லூரி ஆய்வகத்திலும் வீட்டு மேசையிலும் இருப்பது விண்டோஸ். சுவடிக் கட்டை வைத்திருப்பவரிடம் போய் முதலில் இயங்குதளத்தை மாற்றுங்கள் என்று சொல்வது நடக்கிற காரியமில்லை. ஆகவே கேள்வி இதுதான்: விண்டோஸில் விம்மை, நிரல்மொழி ஆதரவோடு, நாமே கம்பைல் செய்வது எப்படி, அப்போது எந்த மொழியை, அதில் எந்தப் பதிப்பைச் சேர்ப்பது? நெற்கணக்குக்கு இந்தத் தேர்வு வெறும் ரசனை விஷயமில்லை. சேர்க்கும் மொழியைப் பொறுத்து நெல் ஒன்றாகவும் எண்ணப்படும், இரண்டாகவும் எண்ணப்படும், நான்காகவும் எண்ணப்படும்.

முதலில் எழுத்தாக அடித்த ‘நெல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் இரண்டு எழுத்து. யூனிகோடு அதை ந, எகரக் கொம்பு, ல, புள்ளி என்று நான்காகப் பார்க்கிறது. யுடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதும்போது ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 12. விம்முக்கு இந்த மூன்று எண்ணிக்கையும் தெரியும். ‘ஸ்ட்ரலென்’ என்று கேட்டால் 12 என்கும். ‘ஸ்ட்ர்கேர்ஸ்’ என்று கேட்டால் 4. அதே சார்பிடம் சேர்குறிகளை விட்டுவிட்டு எண்ணு என்றால் 2. சாதாரண நிலையில் எழுத்தின்மேல் நின்று ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால் ‘நெ’ கொம்போடு மொத்தமாகப் போகும். கொம்பு மட்டும் தனியே போக வேண்டுமானால் ‘டெல்கம்பைன்’ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இயல்புநிலையில் விம் தமிழாசிரியர் பக்கம் நிற்கிறது. அகராதி மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் இன்னமும் இதைத் தனியாக நிரலெழுதிச் சாதித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு டச்சுக்காரர் எழுதிய எடிட்டரில் இது ஓசையில்லாமல் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி நெற்குறி. தமிழின் பழைய தொகுதி யூனிகோடில் 2944 முதல் 3071 வரையுள்ள எண்களில் அமைந்திருக்கிறது. துணைத் தொகுதியோ வெகு தொலைவில். நெற்குறியின் எண் 73685. இந்தத் தொலைவுதான் தொல்லை. விண்டோஸ் தன் உள்ளே எழுத்துகளை 16 பிட் பெட்டிகளில் வைக்கிறது. ஒரு பெட்டியில் 65535க்கு மேல் கொள்ளாது. அதைத் தாண்டிய எழுத்தை இரண்டு பதிலி எண்களாக உடைத்து வைப்பார்கள். 73685இலிருந்து 65536 போக மீதி 8149. அதை 1024ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 981. முதற்பெட்டியில் 55296உடன் 7 கூட்டி 55303. இரண்டாவதில் 56320உடன் 981 கூட்டி 57301. நெல் என்ற ஒரு குறி விண்டோஸுக்குள் இந்த இரட்டையாகத்தான் உலவுகிறது. விம் தன் உள்ளே யுடிஎஃப்-8 வைத்திருப்பதால் அங்கே அது நான்கு பைட் கொண்ட ஒரே எழுத்து: 240, 145, 191, 149. இரண்டுக்கும் நடுவே நிற்கப்போவது நாம் இணைக்கும் நிரல்மொழி.

விண்டோஸுக்கான பைத்தான் 2.7 ‘குறுகிய’ கட்டமைப்பு. அதனிடம் நெற்குறியின் நீளத்தைக் கேட்டால் 2 என்று சொல்லும். வரியை நடுவில் வெட்டினால் பாதி நெல் இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விழும். டிக்கிள் மொழியின் 8.6 பதிப்பு இயல்பாக 65535 வரைதான் போகும். 2024இல் வந்த 9.0இல்தான் அந்த வேலி விலகியது. லுவா சரத்தைப் பைட்களாகவே பார்க்கும், ஆகவே 4, 5.3 பதிப்பு முதல் உள்ள யுடிஎஃப்-8 நூலகத்தை அழைத்தால் 1. பைத்தான் 3.3இல், 2012இல், சரங்களின் உள்ளமைப்பையே மாற்றியமைத்தார்கள். அன்றிலிருந்து விண்டோஸிலும் விடை 1. விம்மை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக் கோப்பில் பைத்தான், பைத்தான் 3, லுவா, பெர்ல், ரூபி, டிக்கிள், ஸ்கீம் என்று ஏழு இடம் காலியாக இருக்கும், எல்லாவற்றையும் நிரப்பலாம். நெற்கணக்குக்கு நான் நிரப்புவது பைத்தான் 3 ஒன்றைத்தான்.

பைத்தான் 3 என்றால் அதிலும் எது? குறியை ஒன்றாக எண்ணினால் மட்டும் போதாது. இது இன்ன குறி, இதற்கு இன்ன மதிப்பு என்று மொழிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு ‘யூனிகோடுடேட்டா’ என்ற கூறில் இருக்கிறது. பைத்தான் 3.7இல் உள்ளது யூனிகோடு 11. நெற்குறியைக் காட்டினால் பெயரில்லாத எண் என்று கைவிரிக்கும். 2019 அக்டோபரில் வந்த 3.8இல் உள்ளது யூனிகோடு 12.1, அங்கிருந்துதான் நெல்லும் வேலியும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், பழைய விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைத்தானும் அந்த 3.8தான், 3.9 அங்கே நிறுவாது. ஊரில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளுக்கு நெல்லை அறிந்த பைத்தான் ஒன்றே ஒன்று வாய்த்திருக்கிறது. புது இயந்திரமானால் 3.11, 3.12 என்று எதையும் எடுக்கலாம்.

இனி கட்டும் வேலை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் ஸ்டூடியோ பில்டு டூல்ஸ், கிட், பைத்தான் ஆகிய மூன்றும் போதும். விம்மின் மூலநிரலை கிட் வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கும் அடைவின் பெயரில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பைத்தானையும் அப்படிப்பட்ட ஒரு பாதையில் நிறுவினால் பாதி வம்பு குறையும். தொடக்கப் பட்டியலில் ‘எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ்’ என்ற கட்டளைச் சாளரம் இருக்கும். சாதாரணக் கருப்புத் திரை வேறு, இது வேறு. கம்பைலரும் அதன் நூலகங்களும் எங்கே என்பது இந்தச் சாளரத்துக்குத்தான் தெரியும். அதில் மூல அடைவுக்குள் போய் ‘என்மேக்’ கட்டளைக்கு ‘மேக்_எம்விசி.மேக்’ என்ற கோப்பைக் காட்டி, கூடவே சில மாறிகளைச் சொல்ல வேண்டும். வரைகலை முகம் வேண்டும். வசதிகள் ‘ஹ்யூஜ்’ அளவில் வேண்டும். பைத்தான் 3 இன்ன பாதையில் இருக்கிறது. அதன் பதிப்பெண் இன்னது, 3.8 என்றால் 38, 3.11 என்றால் 311. அது ‘டைனமிக்’ ஆக இணைய வேண்டும். விஷுவல் ஸ்டூடியோவை விரும்பாதவர்கள் எம்சிஸ்2 நிறுவி மிங்டபிள்யூவுக்கான மேக் கோப்பைப் பயன்படுத்தலாம். மாறிகளின் பெயர்கள் பெரும்பாலும் அவையே.

அந்த ‘டைனமிக்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். பைத்தானை நிலையாக இணைத்தால், விம்மின் வரைகலை வடிவமான ஜிவிம் திறக்கும்போதே விண்டோஸ் பைத்தானின் டிஎல்எல் கோப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் எடிட்டரே திறக்காது. டைனமிக்காக இணைத்தால், முதல் பைத்தான் கட்டளை வரும்வரை அது தேடாது. கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டளை மட்டும் பிழை காட்டும், மற்ற வேலை நடக்கும். பல பேர் கைக்குப் போகப்போகிற எடிட்டருக்கு இதுவே பொருத்தம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டி முடித்தபின் ‘வெர்ஷன்’ கட்டளையில் பைத்தான் 3க்கு முன் கூட்டல் குறி தெரிந்தால் ஆதரவு சேர்ந்துவிட்டது என்று மகிழ்வோம். அது கம்பைல் செய்தபோது நாம் கேட்டதை மட்டுமே காட்டுகிறது. டிஎல்எல் உண்மையில் அகப்பட்டதா என்பதை ‘ஹேஸ்’ சார்புதான் சொல்லும். அது 0 என்றால், கூட்டல் குறி இருந்தும் பயனில்லை.

அகப்படாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 32 பிட் ஜிவிம் 64 பிட் டிஎல்எல்லை ஏற்றாது, மறுதலையும் அப்படியே. இரண்டாவது, பதிப்பு. 3.11க்காகக் கட்டியது ‘பைத்தான்311’ என்ற பெயருள்ள கோப்பைத் தேடும், இயந்திரத்தில் 3.12 இருந்தால் கண்டுகொள்ளாது. பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றினால் ஆபத்து, ஏனென்றால் பைத்தானின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. விண்டோஸில் விம்மைத் தாமே கம்பைல் செய்யும் பழக்கம் இவ்வளவு பரவியதற்கு வேர் இங்கேதான். நெடுங்காலம் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 32 பிட் ஜிவிம். மக்கள் நிறுவிக்கொண்டது 64 பிட் பைத்தான். 2023இல் பைத்தானின் நிலையான இடைமுகத்தைப் பயன்படுத்தும் வழி விம்மில் வந்தது. அதற்கான மாறியையும் இயக்கிக் கட்டினால், பதிப்பெண் ஒட்டாத பொது டிஎல்எல்லை எடிட்டர் தேடும். பைத்தானைப் புதுப்பித்தாலும் எடிட்டரை மறுபடி கட்ட வேண்டியதில்லை. இன்றைக்குப் புதிதாகக் கட்டுகிறவர் இதைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பேன். இப்போதைய அதிகாரபூர்வ நிறுவியிலும் 64 பிட்டும் மொழி ஆதரவும் கிடைக்கின்றன, கம்பைல் செய்யாமலே வேலை ஆகலாம். ஆனால் விண்டோஸ் 7, 3.8 என்று ஒரு குறிப்பிட்ட சோடியைப் பொருத்த வேண்டியவருக்கு மேக் கோப்பே கதி. கட்டுவதை வேறொரு நல்ல இயந்திரத்தில் செய்து, ஜிவிம் கோப்பையும் ‘ரன்டைம்’ அடைவையும் மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் போதும்.

பழைய பதிப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் இருப்பதுபோல் தமிழுக்கென 8 பிட் குறியாக்கப் பக்கம் எதுவும் இயங்குதள மொழியாக இருந்ததில்லை; விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் நுழைந்தபோதே யூனிகோடாகத்தான் நுழைந்தது. பழைய ஜிவிம்மோ இயங்குதளத்தின் குறியாக்கப் பக்கத்தையே தன் குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அமைப்புக் கோப்பின் முதல் வரியிலேயே குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நெல்லெல்லாம் கேள்விக்குறியாகும்.

சரி, கட்டியாயிற்று. இனி அதைக் கொண்டு என்ன செய்யலாம்? விம்முக்குள் ஓடும் பைத்தானுக்கு, திறந்திருக்கும் கோப்பு வரிகளின் பட்டியலாகக் கிடைக்கிறது. ‘பை3டூ’ கட்டளை ஒவ்வொரு வரியையும் ஒரு சிறு சார்பின் வழியே அனுப்பித் திருப்பி வாங்கும். அளவை மாற்றுவது சுலபம். ஒரு கலம் 3 தூணி, 12 குறுணி, 96 நாழி. 12 கலம் 2 தூணி 1 குறுணி என்றால் 144, 8, 1 எனக் கூட்டி 153 குறுணி. எட்டால் பெருக்க 1224 நாழி. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதும் நிரல்தான் இது.

நிலக்கணக்கில்தான் பொறி இருக்கிறது. பின்னக் குறிகளுக்கு யூனிகோடு எண் மதிப்பும் தந்திருக்கிறது. ‘நியூமெரிக்’ சார்பிடம் முந்திரியைக் கொடுத்தால் 0.003125, அதாவது 1/320 என்று திருப்பும். ஆகவே வரியிலுள்ள பின்னங்களை எல்லாம் இந்தச் சார்பால் எண்ணாக்கிக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். முக்கால், ஒரு மா, முந்திரி வேலி நிலம் என்றால் சரியாகவே வரும்: 240, 16, 1 கூட்டி 257/320 வேலி. வேலிக்கு 2000 குழி. ஆக 1606 குழியும் கால் குழியும். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் இதோடு நிற்பதில்லை. ‘முந்திரிகைக் கீழ்’ என்று தொடரும். கீழ் என்றால், இனி வரும் பின்னத்தை 320ஆல் வகுத்துக்கொள் என்று பொருள். அதற்கும் ஒரு கீழ், அதற்கும் ஒரு கீழ் என்று இறங்கிக்கொண்டே போவார்கள். இந்தக் கீழுக்கும் துணைத் தொகுதியில் ஒரு குறி உண்டு. அதற்கு யூனிகோடு தந்திருக்கும் மதிப்பும் 1/320. முந்திரியும் கீழும் எண்ணால் ஒன்று, வேலையால் வேறு. முந்திரி கூடும், கீழ் பெருக்கும்.

மேலே சொன்ன நிலத்தோடு ‘கீழ் அரை’ சேர்கிறது என்று வைப்போம். அரையை 320ஆல் வகுத்தால் 1/640. மொத்தம் 103/128 வேலி, 1609 குழியும் காலே அரைக்கால் குழியும் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் நிரல் கீழுக்கு 1/320, அரைக்கு 1/2 என்று சேர்த்து 2612½ குழி என்று காட்டும். வித்தியாசம் பத்து மாவுக்கு மேல், மூன்று ஏக்கர் சொச்சம். எண்ணாக அச்சாகிவிட்டால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள விஷமம். எனவே நிரல் இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். கீழைக் கண்டதும் ஒரு பெருக்கியை 320ஆல் வகுத்துக்கொண்டு, பின்னால் வருவதை எல்லாம் அதனால் பெருக்க வேண்டும். தசமத்தையும் நம்ப வேண்டாம். 1/320ஐக் கணினியின் இரும எண்ணில் முழுத் துல்லியமாக எழுத முடியாது. ஆறேழு கீழ் இறங்கினால் மதிப்பே அந்தப் பிசிறின் அளவுக்கு வந்துவிடும். பைத்தானின் ‘ஃப்ராக்‌ஷன்’ வகை பின்னத்தைப் பின்னமாகவே வைத்திருக்கும். கணக்குப்பிள்ளையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

இன்னும் ஒன்று. அரைக்கு இரண்டு வடிவம், வீசத்துக்கு இரண்டு வடிவம் தனித்தனி எண்களோடு தொகுதியில் இருக்கின்றன. சுவடியில் எந்த வடிவம் இருந்ததென்பதைப் படியெடுப்பவர் காப்பாற்ற வேண்டியது சரி. ஆனால் அரை என்று தேடுகிறவருக்கு இரண்டும் அகப்பட வேண்டும். இந்த இணைப்பையும் நிரலில் நாமே எழுத வேண்டும்.

பழைய தொகுதியிலும் கண்ணி வைத்திருக்கிறது. தமிழ் எண் ௧ வேறு, எழுத்து க வேறு. ௭ வேறு, எ வேறு. ௮ வேறு, அ வேறு. ஸ்கேன் செய்து எழுத்துணர்ந்த கோப்புகளில் இவை தாராளமாகக் கலந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவர் விட்டுவிடுவார். விம்மில் ஐயமான எழுத்தின்மேல் நின்று ‘ஜிஏ’ என்று தட்டினால் அதன் எண்ணைத் தசமத்தில் காட்டும். 3047 என்றால் ஒன்று, 2965 என்றால் ககரம். ஒகரத்தின் கொம்பும் காலும் சிலரிடம் ஒரே குறியாக இருக்கும், சிலரிடம் இரண்டாகப் பிரிந்திருக்கும். பைத்தானின் ‘நார்மலைஸ்’ சார்பு அதை ஒரே ஓட்டத்தில் சீராக்கும். இன்னும் பழைய கோப்புகள் டிஸ்கி முறையிலோ பாமினி எழுத்துருவிலோ இருக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூட முன்பு டிஸ்கியில் நூல்களைத் தந்தது, பிறகு யூனிகோடுக்கு மாறியது. அந்த 8 பிட் காலத்தில் மொத்தமே 256 இடங்கள். உயிர்மெய்களை அடுக்கவே இடம் போதாதபோது பதக்குக்கும் முக்குறுணிக்கும் எங்கே போவது? நெற்குறியை அக்காலக் கோப்புகளில் தேடிப் பயனில்லை. அதற்குப் பதில் ‘நெல்’ என்று எழுத்தில் அடித்திருப்பார்கள், அல்லது விட்டிருப்பார்கள்.

தட்டச்சுக்கு விம்மிலேயே வழி இருக்கிறது. வெளியிலிருந்து தமிழ்99 விசைப்பலகையை இயக்கினால் கட்டளை விசைகளும் தமிழாகிவிடும். ‘எக்ஸ்’ அழுத்தினால் தமிழெழுத்து ஒன்று போய் நிற்கும். விம்முக்குள் ‘கீமேப்’ கோப்பு எழுதிக்கொண்டால் உள்ளிடும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம் என்று தானே பிரித்துக்கொள்ளும். விம்மோடு வரும் தமிழ்க் கீமேப் டிஸ்கிக்கானது, இப்போது உதவாது. ஆனால் மாதிரியாகப் பார்த்துச் சொந்தமாக எழுதலாம். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் அடிக்கும் விசைகள், வலப்பக்கம் எழுத்து. எழுத்தைத் திரையில் கொண்டுவர முடியாவிட்டால் 73685 என்று தசம எண்ணையே கொடுக்கலாம். வேலி 73699, குறுணி 73690.

திரையைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. விம் சமக் கட்டங்களில் எழுத்தை வைக்கும் மரபில் வந்தது. மெய்யையும் அதன் சேர்குறிகளையும் ஒரே கட்டத்தில் அடைக்கும். ‘கொ’வுக்கு மூன்று மடங்கு அகலம் தேவை, கிடைப்பது ஒன்று. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வரைதலை டைரக்ட்எக்ஸுக்கு மாற்றும் ‘ரெண்டர்ஆப்ஷன்ஸ்’ அமைப்பால் உருவம் ஓரளவு கூடும், கட்டம் அகலாது. துணைத் தொகுதிக் குறிகளுக்கு எழுத்துருவும் வேண்டும்; நோட்டோ வரிசையில் அதற்கென்றே ஒன்று இருக்கிறது. இல்லாவிட்டால் பெட்டி தெரியும், கோப்பில் எண் சரியாகவே இருக்கும். வாசிக்கும் சுகத்தில் ஈமேக்ஸ் வெகுதூரம் முன்னே நிற்கிறது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு தமிழைச் செம்மையாக வரைகிறது, லிஸ்ப் என்ற நிரல்மொழியும் கூடவே பிறந்தது, டிஎல்எல் தேடும் வேலையே இல்லை. இருந்தும் விம்மைச் சொல்வதற்குக் காரணம், கல்லூரியில் பைத்தான் படித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், லிஸ்ப் படித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணக்குக்கு விம், மெய்ப்புக்கு நோட்பேட் போன்ற வேறொரு சாளரம் என்று வைத்துக்கொண்டால் ஒப்பேறும்.

தீராத சங்கடம் ஒன்று தொகுதியிலேயே இருக்கிறது. குறுணிக்கும் பதக்குக்கும் முக்குறுணிக்கும் தனி எண் உண்டு. தூணிக்கும் கலத்துக்கும் நாழிக்கும் அப்பெயரில் அங்கே எண் இல்லை. ஆகவே ஒரே வரியில் ‘கலம்’ எழுத்தாகவும் குறுணி குறியாகவும் வரும். நிரல் இரண்டு வழியையும் படிக்க வேண்டும்: மூன்று குறுணி என்பதை முக்குறுணிக் குறியாகவும், ‘முக்குறுணி’ என்ற ஐந்து எழுத்தாகவும், எண்ணும் குறியுமாகவும் பார்த்து, மூன்றையும் 24 நாழி என்றே கொள்ள வேண்டும். படியெடுப்பவர்கள் இருவர் என்றால் இருவரும் இருவிதமாக அடித்திருப்பார்கள். எதை எப்படி அடிப்பது என்று கோப்பின் தலைப்பில் நாலு வரி எழுதிவைத்துவிட்டு, அந்த நாலு வரியையே நிரல் முதலில் படிக்கும்படி செய்வதுதான் இப்போதைக்கு நடைமுறை.